காரை களிப்பாறையில் கிடைத்த 6 மி.மீ. கறுப்புத் துண்டு: இது என்ன?

#1 ஆலத்தூர்_ஆசிரியர்

வணக்கம். பெரம்பலூர் மாவட்டம், கொளக்காநத்தம் பக்கம் ஒரு வயலில் புதுக் கிணறு வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய மண்ணை வரப்போரம் குவித்து வைத்திருக்கிறார்கள். என் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்த மேட்டில் ஒரு சின்னத் துண்டைப் பொறுக்கி வகுப்புக்குக் கொண்டுவந்தாள். வயல் அவளுடைய மாமாவுடையது, அவருக்கும் விஷயம் தெரியும்.

நீளம் 6 மி.மீ., அகலம் 4 மி.மீ., தடிமன் இரண்டரை மி.மீ. ஒரு பக்கம் கரும்பழுப்பு, நல்ல பளபளப்பு. அந்தப் பக்கத்தில் ஐந்து வரிகள் மேடாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது. மறுபக்கம் மங்கல், சொரசொரப்பு. இரண்டு ஓரங்கள் முறிந்தவை. ஒரு ஓரம் மட்டும் இயற்கையாகவே முடிந்ததுபோல் வளைந்து இறங்குகிறது.

அதே மேட்டில் தேன் நிறத்தில் பென்சில் மாதிரித் துண்டுகள் (பெலம்னைட் என்று தெரியும், கணவாய் மாதிரி ஒரு பழைய கடல் உயிரின் உள்ளோடு), ஜிப்சம் தகடுகள், சுருண்ட புழுக்கூடு ஒன்று. இந்தப் பக்கத்துக் காரை ஊரின் பெயரால் சொல்லப்படும் களி கடல் படிவு என்பதால் இதுவும் கடல் உயிராகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அதற்கு மேல் தெரியவில்லை. கைப்பேசியில் எடுத்த படங்கள் இரண்டு இணைத்திருக்கிறேன். தினமும் காலையில் "சார், பேர் தெரிஞ்சுதா?" என்று கேட்கிறாள். சரியான பதில் சொல்ல வேண்டும்.

#2 நெறியாளர்

வரவேற்கிறோம் சார். படத்தில் அளவு தெரியவில்லை. மில்லிமீட்டர் கட்டம் போட்ட வரைபடத்தாளில் துண்டை வைத்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். இன்னொரு கைப்பேசியின் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால் வரிகளின் நிழல் விழும், உருவம் அப்போதுதான் தெரியும். மேல், கீழ், நான்கு ஓரங்கள் என ஆறு பக்கமும் வேண்டும். முக்கியமாக முறிந்த ஓரங்கள்.

எல்லோருக்கும் ஒரு நினைவூட்டல். காரை – கொளக்காநத்தம் பகுதியின் வறண்ட களிமேடுகள் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் புவி மரபுச் சின்னப் பட்டியலில் இருப்பவை. இந்த இழையைப் படித்துவிட்டு யாரும் அங்கே போய்த் தோண்டவோ மூட்டை கட்டவோ வேண்டாம். சார் சொல்வது தனியார் வயலில் கிணற்றுக்காக ஏற்கெனவே வெட்டிப் போட்ட மண், அது வேறு.

#3 கிளிஞ்சல்

காரையில் பத்துத் துண்டு எடுத்தால் எட்டு பெலம்னைட் என்பார்கள். கறுப்பாக இருப்பதால் ஏமாற வேண்டாம், மண்ணில் உள்ள இரும்பு ஏறினால் நிறம் மாறும். பெலம்னைட்டின் ஓரச் சில்லாக இருக்கலாம். இல்லை என்றால் இனோசெராமஸ் சிப்பி. அந்தச் சிப்பியின் வெளிப்பக்கமும் வரிவரியாகத்தான் இருக்கும்.

#4 கருங்கல்_ராசா

சார், இது பல்! அந்தப் பளபளப்பு சிப்பிக்கு வராது. இக்தியோசார் என்ற பழைய கடல் ஊர்வனவின் பல்லில் இப்படித்தான் மேலிருந்து கீழாக வரி ஓடும். காரை களியும் சேர்ந்த ஊட்டத்தூர்ப் படிவுகளில் இக்தியோசார் இருந்தது புதுச் செய்தி இல்லை. 1879இலேயே ரிச்சர்ட் லிடெக்கர் திருச்சி மாவட்டத்து முதுகெலும்புகளை வைத்து இக்தியோசாரஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்தார். இப்போது அந்த எலும்புகளைப் பிளாட்டிப்டெரிஜியஸ் வகையோடு சேர்த்துப் பேசுகிறார்கள். காரை களியிலிருந்து இக்தியோசார் பற்களும் பதிவாகியிருக்கின்றன. பாப்பாவிடம் சொல்லுங்கள், அவள் கையில் இருப்பது கடல் ஊர்வனவாக இருக்கலாம்.

#5 பத்துமடங்கு_லென்ஸ்

ராசா, கொஞ்சம் பொறுங்க. இரண்டு பேரும் மேல்பக்கத்தை மட்டும் பார்த்துப் பேசுகிறீர்கள். வரி என்பது அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடல் உயிரில் உண்டு, சிப்பியில் உண்டு, நண்டின் இடுக்கியில் உண்டு, மீன் செதிலில் உண்டு, பல்லிலும் உண்டு. ஆறு மில்லிமீட்டர் துண்டில் ஐந்து வரியை வைத்து யாராலும் எதையும் முடிவு செய்ய முடியாது. முறிந்த முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பொருள் உள்ளே எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது அங்கேதான் திறந்து கிடக்கிறது.

பெலம்னைட் என்றால், முறிவில் நடுப்புள்ளியிலிருந்து வெளிப்பக்கமாகக் கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) இழைகள் விரிந்து ஓடும், வளர்ச்சி வளையங்களும் தெரியும். ஓரச் சில்லாக இருந்தாலும் இழைகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டிக்கொண்டு நிற்கும். இனோசெராமஸ் என்றால், ஓட்டின் மேற்பரப்புக்குச் செங்குத்தாகப் பட்டகங்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும், ஊசி முனையால் தொட்டாலே ஒவ்வொன்றாக உதிரும். எலும்பு என்றால் ஒழுங்கில்லாத துளைகள். இக்தியோசார் பல் என்றால் மெல்லிய எனாமல், அதற்குக் கீழே கெட்டியான டென்டின் (பல்லின் உடற்பகுதி), நடுவில் கூழ் இருந்த குழி, குறுக்கு வெட்டில் ஏறத்தாழ வட்டம். சார் சொன்ன அளவுகளைப் பார்த்தால் இது தட்டையான துண்டு. கூம்புப் பல்லின் சில்லு என்றால் உட்பக்கம் குழிந்திருக்க வேண்டும். குழிந்திருக்கிறதா என்று பாருங்கள் சார்.

இரண்டாவது, கால்சைட்டா பாஸ்பேட்டா என்று தெரிய வேண்டும். சிப்பி, பெலம்னைட் எல்லாம் கால்சைட், பல்லும் எலும்பும் பாஸ்பேட். வினிகர் போதும். கழிப்பறை ஆசிட் பக்கமே போகாதீர்கள், பல்லையும் சேர்த்துத் தின்றுவிடும். ஊசி முனையில் ஒரு சொட்டு வினிகர், முறிந்த ஓரத்தில் மட்டும். லென்ஸ் வழியாகப் பாருங்கள், குமிழ் வந்தால் கால்சைட். பார்த்ததும் ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், ஊற வைக்க வேண்டாம். பக்கத்திலேயே ஒரு பெலம்னைட் துண்டுக்கும் ஒரு சொட்டு வையுங்கள், ஒப்பிட வசதியாக இருக்கும். வரிகளுக்கு இடையில் ஒட்டியிருக்கும் களியில் சொட்டு படக் கூடாது. அந்தக் களியிலேயே சுண்ணாம்பு இருக்கும், அது குமிழி விட்டால் துண்டுதான் விடுகிறது என்று நினைத்துவிடுவோம்.

#6 மண்வாசகி

வினிகர் வைப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள் சார். வரிகளுக்கு நடுவில் சாம்பல் நிறக் களி ஒட்டியிருப்பது படத்தில் தெரிகிறது. அதைக் கழுவிவிடாதீர்கள். பல்குத்தும் குச்சியால் மெதுவாக நெம்பி எடுத்து ஒரு சின்ன ஜிப் பையில் போட்டு, மேலே எழுதி வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

துண்டையும் தண்ணீரில் போட வேண்டாம். இந்தக் களி நீரை உறிஞ்சி உப்பும், காயும்போது சுருங்கி வெடிக்கும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த களி உப்பித் துண்டை இரண்டாக்கிவிடும். இது வெறும் பயம் இல்லை. இதே காவிரிப் படுகையில், கல்லமேடு பகுதியில் கிடைத்த மாபெரும் டைனோசர் எலும்புகளுக்கு 1980களின் இறுதியில் பிருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். இன்று அந்த எலும்புகள் இல்லை, சிதைந்து போயின. உலகின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றா என்று இன்றும் விவாதம் நடக்கிறது, சரிபார்க்கக் கையில் ஒரு துண்டு எலும்பு கிடையாது. எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை. அதனால்தான் ஆறு மில்லிமீட்டர் என்றாலும் இவ்வளவு சொல்கிறேன்.

உடைந்தால் பெவிக்விக் போடாதீர்கள். அப்படியே பஞ்சில் வைத்துவிடுங்கள், ஒட்டுவதை அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொள்வார்கள்.

#7 ஊட்டத்தூரான்

சார், எனக்கு ஃபாசில் அவ்வளவா தெரியாது, ஆனா கிணத்து மண்ணு தெரியும். எங்க பக்கம் மேல கொஞ்சம் கரிசல், அதுக்குக் கீழ மஞ்சக் களி, ஜிப்சம் அதுலதான் தகடு தகடா வரும். இன்னும் கீழ போனா நீலம் பாரிச்ச சாம்பல் களி, கடப்பாறை இறங்காது. கிணத்து மேட்டுல ஒண்ணு கவனிக்கணும். கடைசியா வெட்டுனது மேல கிடக்கும், முதல்ல வெட்டுனது அடியில போயிடும். அதாவது மேடு தலைகீழ். துண்டு மேட்டோட எந்த இடத்துல கிடந்துச்சுன்னு அந்தப் பொண்ணு ஞாபகம் வெச்சிருக்காளான்னு கேளுங்க. மேல கிடந்துச்சுன்னா கிணத்தோட ஆழத்துல இருந்து வந்தது.

உருண்டை உருண்டையா பழுப்புக் கல்லும் அந்த மேட்டுல இருக்கும் பாருங்க. அது பாஸ்பேட் முண்டு. வெள்ளக்காரன் காலத்துல இருந்தே எங்க ஊர்ப் பக்கம் உரத்துக்கு ஆகுமான்னு பாத்த கல்லு. இது அதோட சில்லா இருக்குமான்னும் பாத்துக்கங்க.

#8 பத்துமடங்கு_லென்ஸ்

ஊட்டத்தூரான் சொன்ன தலைகீழ் மேடு அருமையான குறிப்பு. எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்பேட் முண்டு என்பதும் நியாயமான சந்தேகம். முண்டுவுக்கு வெளித்தோல், உள்கட்டு என்று பிரிவு இருக்காது, முறிவு முழுக்க ஒரே சீராக, மண்போல இருக்கும். இந்தத் துண்டில் பளபளப்பு ஒரு பக்கம் மட்டும்தான். அதுவே முண்டுவுக்கு எதிரான சாட்சி. இருந்தாலும் படம் வரட்டும்.

#9 ஆலத்தூர்_ஆசிரியர்

எல்லோருக்கும் நன்றி. பள்ளி ஆய்வகத்தில் மாணவியையும் வைத்துக்கொண்டு செய்தோம். களியை முதலில் எடுத்துப் பையில் போட்டாயிற்று.

வினிகர்: பெலம்னைட் துண்டில் லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது சின்னச் சின்னக் குமிழ்கள் தொடர்ந்து வந்தன. கறுப்புத் துண்டின் முறிந்த ஓரத்தில் ஒன்றும் இல்லை.

வடிவம்: உட்பக்கம் குழியவில்லை. தட்டைதான், மிக லேசாக மேல்நோக்கி மேடிட்டிருக்கிறது.

முறிந்த முகம்: இதுதான் எங்களை அசத்தியது. மேலே நகத்தின் விளிம்பை விடவும் மெல்லிய ஒரு கண்ணாடிப் படலம். அதற்குக் கீழே மங்கலான பழுப்புப் பகுதி, அதில் மேலிருந்து கீழாக நெருக்கமாகக் கோடுகள். துண்டைத் திருப்பி அடிப்பக்கத்தை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் கோடுகள் எல்லாம் துளைகளாகத் தெரிகின்றன. இடியாப்ப அச்சின் கண்களைப் போல, கிட்டத்தட்ட ஒரே அளவில், வரிசையாக. சில துளைகளில் வெள்ளையாக ஏதோ அடைத்திருக்கிறது.

கிடந்த இடம்: மேட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே, சாம்பல் களியில். மஞ்சள் களியில் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறாள். அந்த இடத்தைக் காட்டச் சொன்னேன், தயங்காமல் காட்டினாள்.

புதிய படங்கள் ஆறு, வரைபடத்தாள் மேல்.

#10 கருங்கல்_ராசா

ஐயோ, அந்தத் துளைகள்! என்ன அழகு. இக்தியோசாருக்கு இப்படி வராது இல்லையா அண்ணே?

#11 பத்துமடங்கு_லென்ஸ்

வராது தம்பி. ஆனால் நீங்கள் முதலில் சொன்ன "பல்" என்பது நிற்கிறது.

சார், இனி வரிசையாகப் பார்க்கலாம். குமிழ் இல்லை, ஆகவே பெலம்னைட், இனோசெராமஸ், நண்டு ஓடு எல்லாம் விலகுகின்றன. மேலே கண்ணாடிப் படலம், கீழே குழல்கள் நிறைந்த பகுதி என்று இரண்டு அடுக்கு இருக்கிறது, முண்டு விலகுகிறது. குழல்கள் எலும்பில் போலக் கன்னாபின்னா என்று இல்லை, மேற்பரப்பை நோக்கி ஒரே போக்கில் செங்குத்தாக ஏறுகின்றன. இது ஆஸ்டியோடென்டின். கடினமான ஓடுகளை நசுக்கித் தின்னும் சுறாக்களின் பற்களில் வரும் கட்டமைப்பு. மேலே உள்ள படலம் எனாமலாய்டு, சுறாப் பற்களிலும் வேறு பல மீன்களின் பற்களிலும் வரும் மேலுறை. அந்த வெள்ளை அடைப்பு பின்னால் நிலத்தடி நீர் கொண்டுவந்து வைத்த கனிமமாக இருக்கும், கால்சைட்டோ ஜிப்சமோ.

சுறாப் பல் என்றதும் முக்கோணமாக, கூர்மையாக என்றுதான் நமக்குத் தோன்றும். காரையில் அப்படிப்பட்ட பற்களும் உண்டு. ஆனால் தட்டையான பல்முடி (வேருக்கு மேலே உள்ள பகுதி), மேலே குறுக்கு வரிகள், உள்ளே செங்குத்துக் குழல்கள், வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டு என்று நான்கையும் சேர்த்தால் என் முதல் ஊகம் டைக்கோடஸ் என்ற அழிந்துபோன சுறா. லூயி அகாசி 1830களில் ஐரோப்பியப் பற்களுக்கு வைத்த பேரினப் பெயர் அது. காரை படிவத்தின் செனோமேனியன் – டுரோனியன் (கிரெட்டேசியஸ் காலத்தின் அடுத்தடுத்த இரண்டு கட்டங்கள்) பகுதியிலிருந்து டைக்கோடஸ் டெகரன்ஸ் என்ற சிற்றினத்தின் பல் 2012இல் ஆய்வுக் கட்டுரையாகவே வந்திருக்கிறது. ஆக, இந்த வட்டாரத்துக்குப் புதிய விருந்தாளி இல்லை.

நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடப்பக்கம் இரண்டு வரிகளின் உச்சி மழுங்கித் தட்டையாகியிருக்கிறது. அந்தத் தட்டையில் நுண்ணிய கறும்புள்ளிகள். எனாமலாய்டு தேய்ந்து, கீழே இருக்கும் குழல்களின் வாய் வெளியே தெரிகிறது. இது பின்னால் ஓடையில் உருண்டதால் வந்த தேய்மானம் என்றால் எல்லா வரியும், முறிந்த ஓரங்களும் சேர்ந்தே மழுங்கியிருக்கும். முறிந்த ஓரங்கள் இன்னும் கூர்மை. அதனால் இது உயிரோடு இருந்தபோது எதையோ நசுக்கி நசுக்கித் தேய்ந்தது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

#12 கிளிஞ்சல்

பாஸ்பேட் என்பதையும் சுறா என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நேராக டைக்கோடஸுக்குத் தாவ வேண்டாம். நசுக்கும் பல் உள்ள சுறா அது ஒன்று மட்டுமா? ஹைபோடான்ட் என்ற அழிந்துபோன சுறாக் கூட்டத்தில் அக்ரோடஸ் போன்றவற்றுக்கும் தட்டைப் பல், மேலே வரிகள், உள்ளே ஆஸ்டியோடென்டின். முறிந்த முகத்தை வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது. பிக்னோடான்ட் என்ற அழிந்துபோன மீன்களின் பற்களும் நசுக்கும் பற்கள்தான். அவற்றை ஏன் விட்டீர்கள்?

#13 பத்துமடங்கு_லென்ஸ்

சரியான கேள்வி. பிக்னோடான்ட் பல் பெரும்பாலும் வழுவழுப்பாக, அவரை விதை வடிவில் இருக்கும், இவ்வளவு ஒழுங்கான வரி அதற்குக் கிடையாது. உள்ளே இந்தக் குழல் வரிசையும் இருக்காது.

ஹைபோடான்ட்தான் உண்மையான போட்டி. முறிந்த முகம் நம்மை "நசுக்கும் சுறா" வரை கொண்டுவந்து விட்டது, இங்கிருந்து மேற்பரப்பு வேலை செய்ய வேண்டும். அக்ரோடஸ் பல்லில் நீளவாக்கில் நடுவே ஒரு முகடு ஓடும். வரிகள் அந்த முகட்டிலிருந்து இருபுறமும் பிரிந்து இறங்கும். டைக்கோடஸில் அப்படி நடுமுகடு இல்லை. தடித்த வரிகள் பல்லின் குறுக்கே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடும். அவற்றைச் சுற்றி விளிம்புப் பகுதி ஒன்று உண்டு, அங்கே வரிகள் கிளைத்து மெலிந்தோ, மணிமணியாகவோ மாறும்.

சார், இயற்கையாக முடிகிறது என்று சொன்னீர்களே, அந்த ஓரத்தை நோக்கி வரிகள் போகும்போது என்ன ஆகிறது? அப்படியே நின்றுவிடுகின்றனவா, கிளைக்கின்றனவா?

#14 ஆலத்தூர்_ஆசிரியர்

கிளைக்கின்றன. ஐந்தில் மூன்று வரிகள் ஓரத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் முன்பே இரண்டிரண்டாகப் பிரிந்து, மெலிந்து, கொஞ்சம் நெளிந்து ஓரம் வரை போய்ச் சேர்கின்றன. மற்ற இரண்டும் முறிவில் மறைகின்றன. நடுமுகடு எதுவும் இல்லை. பென்சிலால் வரைந்தும் போட்டிருக்கிறேன், படத்தை விட அதில் தெளிவாக இருக்கிறது. வரைந்தது மாணவிதான்.

#15 பத்துமடங்கு_லென்ஸ்

மிக நல்ல வரைபடம். கிளை பிரியும் இடத்தில் வரியின் தடிமன் குறைவதைக்கூடக் கவனித்து வரைந்திருக்கிறாள். அவளிடம் சொல்லுங்கள், படம் பார்த்து எனக்குப் புரியாத ஒன்று அவள் கோட்டில் புரிந்தது.

டைக்கோடஸ் என்று நான் உறுதியாகச் சொல்வேன். பல்முடியின் விளிம்புத் துண்டு. வேர் போய்விட்டது. வேர் இல்லாமல் கிடைப்பது சாதாரணம், முடிப்பகுதிதான் கெட்டி.

#16 கருங்கல்_ராசா

அப்படியானால் டைக்கோடஸ் டெகரன்ஸ் என்றே எழுதிவிடலாமே அண்ணே. டெகரன்ஸின் அடையாளமே வரிகள் விளிம்பு வரை இறங்கி ஓடுவதுதானே. காரையில் பதிவானதும் அதுதான்.

#17 பத்துமடங்கு_லென்ஸ்

ஆசை எனக்கும் இருக்கிறது. ஆனால் எழுதக் கூடாது.

டெகரன்ஸில் பல்முடி தாழ்வாக இருக்கும், குறுக்கு வரிகள் மெலிந்தபடி விளிம்பு வரை தொடரும். மாமில்லாரிஸ் என்ற இன்னொரு டைக்கோடஸ் சிற்றினத்தில் நடுப்பகுதி குமிழ்போல உயர்ந்து நிற்கும், விளிம்பில் வட்ட வட்டமாக வரிகள். லாட்டிசிமஸ் என்ற மூன்றாவதில் வரிகள் குறைவு, தடிமன் அதிகம், விளிம்பு அகலமாகவும் மணிமணியாகவும் இருக்கும். இவற்றைப் பிரிக்க நடுமுடியின் உயரம் வேண்டும், மொத்த வரி எத்தனை என்று வேண்டும், முழு விளிம்பும் வேண்டும். நம் கையில் இருப்பது ஒரு ஓரம். அதோடு இந்தச் சுறாவின் வாயில் நூற்றுக்கணக்கான பற்கள் வரிசை வரிசையாகப் பதிந்திருந்தன. கீழ்த்தாடையின் நடுவரிசைப் பல் பெரியது, பக்க வரிசைகளில் போகப் போகச் சிறியது. ஒரே வாயில் இடத்துக்கு இடம் பல்லின் உருவம் மாறும். ஓரத் துண்டை வைத்து அது எந்த வரிசைப் பல் என்றே சொல்ல முடியாதபோது சிற்றினத்தை எப்படிச் சொல்வது?

"அந்த இடத்தில் ஏற்கெனவே இது கிடைத்திருக்கிறது, ஆகவே இதுவும் அதுதான்" என்று எழுத ஆரம்பித்தால், அடுத்து உண்மையிலேயே வேறொன்று கிடைக்கும்போது அதுவும் அந்தப் பெயருக்குள் மறைந்துபோகும். டெகரன்ஸோடு ஒத்துப்போகிறது என்று குறிப்பில் எழுதலாம். பெயர்ச்சீட்டில் டைக்கோடஸ் என்பதோடு நிறுத்த வேண்டும்.

#18 கிளிஞ்சல்

கிளை பிரியும் வரிகளைப் பார்த்தபின் எனக்கும் டைக்கோடஸ்தான். சிற்றினம் வேண்டாம் என்பதிலும் உடன்பாடு.

#19 ஆலத்தூர்_ஆசிரியர்

வகுப்பில் சொன்னேன். கேள்விகள் மழையாகக் கொட்டின. இவ்வளவு தட்டைப் பல் வைத்திருந்த சுறா எப்படி இருந்திருக்கும்? எதைத் தின்றது? எவ்வளவு பெரியது? தெரிந்தவர்கள் சொன்னால் அப்படியே படித்துக்காட்டுவேன்.

#20 மண்வாசகி

பிள்ளைகளுக்கு நல்ல நேரம் சார், பத்து வருடம் முன்பு கேட்டிருந்தால் சரியான பதிலே கிடைத்திருக்காது. அகாசி காலத்திலிருந்து கிட்டத்தட்ட முழுக்கப் பற்களை வைத்துத்தான் இந்த விலங்கை அறிந்திருந்தார்கள். சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு, சீக்கிரம் மக்கிவிடும். தட்டைப் பல்லைப் பார்த்து, திருக்கை மாதிரிக் கடலடியில் கிடந்து சிப்பி பொறுக்கித் தின்ற விலங்கு என்று பலரும் நினைத்தார்கள். ஹைபோடான்ட் உறவு என்றும் சொன்னார்கள்.

மெக்சிகோவின் நுவோ லியோன் மாநிலத்தில் வாயெசியோ என்ற ஊரில் சுண்ணாம்புக் கல் வெட்டும் இடங்களில் முழு உடல்கள் கிடைத்தன, உடலின் வெளிக்கோடு உட்பட. 2024இல் அந்த ஆய்வு வெளியானது. உடல் நூற்கும் கதிர்போல இருமுனையும் ஒடுங்கிய வடிவம், வேகமாக நீந்தும் சுறாவின் வால். வெள்ளைச் சுறா, மாக்கோ சுறா எல்லாம் இருக்கும் லாம்னிஃபார்ம் வரிசையைச் சேர்ந்தது என்று முடிவு. அதாவது நடுக்கடலில் நீந்திக்கொண்டே அம்மோனைட்டையும் கடலாமையையும் பிடித்து ஓட்டோடு நசுக்கித் தின்றிருக்கும் என்கிறார்கள். பெரிய இனங்கள் 10 மீட்டர் வரை வளர்ந்திருக்கலாம். இந்தத் துண்டை வைத்து உங்கள் மாணவியின் சுறா எவ்வளவு நீளம் என்று சொல்ல முடியாது, அதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அம்மோனைட் காரையில் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. 1860களில் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பகுதியை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்து வரைபடம் போட்டதும், ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா பல தொகுதிகளாக இங்குள்ள உயிர்களை விவரித்ததும் அவற்றின் வளத்தால்தான். தின்னப்பட்டவையும் தின்றதும் ஒரே களியில் இருக்கின்றன.

இப்போது அந்த ஜிப் பைக்கு வருகிறேன். காரை படிவம் மொத்தமாக, செனோமேனியனுக்கு முந்தைய ஆல்பியன் கட்டத்திலிருந்து டுரோனியன் வரை, ஏறத்தாழ 11 கோடி முதல் 9 கோடி ஆண்டு வரை நீள்கிறது. நடுவில் 9.39 கோடி ஆண்டுக்கு முன் செனோமேனியன் முடிந்து டுரோனியன் தொடங்குகிறது. உலகக் கடல்கள் பலவற்றில் ஆழத்து ஆக்சிஜன் வற்றிய காலம் அது. இக்தியோசார்கள் அந்த எல்லையைத் தாண்டவில்லை, டைக்கோடஸ் தாண்டியது. உங்கள் துண்டு எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது தெரிந்தால் அதன் மதிப்பு பல மடங்கு கூடும். துண்டு அதைச் சொல்லாது. ஒட்டியிருந்த களி சொல்லும்.

அந்தக் களியில் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புப் பாசிகளின் தகடுகள் இருக்கும், ஒவ்வொன்றும் சில மைக்ரான்தான். குச்சி முனையளவு களியைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தாலே போதும், எந்தக் காலத்தவை என்று அந்தத் துறையினர் சொல்வார்கள். ஃபோராமினிஃபெரா என்ற ஓடுள்ள நுண்ணுயிர்களைப் பார்க்க வேண்டுமானால் இன்னும் நிறையக் களி வேண்டும். அந்த மேட்டில் துண்டு கிடந்த அதே இடத்துச் சாம்பல் களியில் அரைக் கிலோ தனியாக எடுத்து வையுங்கள், மஞ்சள் களி கலக்காமல். அவற்றில் ரோட்டாலிபோரா என்ற பேரினம் செனோமேனியன் முடிவை ஒட்டி மறைகிறது. அது இருந்தால் ஒரு விடை, இல்லாவிட்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

#21 ஊட்டத்தூரான்

சார், களி எடுக்கும்போது கிணறு வெட்டுன ஆளுகிட்டயும் ஒரு வார்த்த கேட்டு வைங்க. எத்தன அடியில சாம்பல் களி ஆரம்பிச்சுது, மொத்த ஆழம் எத்தன அடின்னு அவருக்கு அத்துப்படியா தெரியும், அடிக்கணக்குலதான் கூலி. கிணத்தச் சுத்திக் கல்லு கட்டிட்டா அப்புறம் சுவரப் பாக்க முடியாது. கட்டுறதுக்கு முன்னாடி மேல நின்னு நாலு பக்கமும் போட்டோ எடுத்துருங்க. பிள்ளைங்கள உள்ள எட்டிப் பாக்க விடாதீங்க, அந்தக் களி ஈரமானா வழுக்கும், சரியும்.

#22 ஆலத்தூர்_ஆசிரியர்

கேட்டுவிட்டேன். 31 அடியில் சாம்பல் களி தொடங்கியிருக்கிறது, மொத்த ஆழம் 44 அடி. ஆக, துண்டு இந்த 13 அடிக்குள்தான் எங்கோ இருந்திருக்கிறது. கிணற்றுச் சுவரின் படங்களும் எடுத்தாயிற்று. நீங்கள் சொன்னபடி சாம்பல் களி தனிப் பையில்.

வயல்காரரும் மாணவியும் சேர்ந்து, துண்டையும் களியையும் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் காட்டிக் கேட்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் வழியாக ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் களி போக முடியுமா என்றும் கேட்பேன். கூடவே வைக்கப் பெயர்ச்சீட்டு எழுதியிருக்கிறோம், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

"டைக்கோடஸ், சிற்றினம் குறிக்கப்படவில்லை. பல்முடியின் விளிம்புத் துண்டு, வேர் இல்லை, 6 × 4 × 2.5 மி.மீ. வரிகள் ஓரத்தில் கிளைக்கின்றன (டெகரன்ஸோடு ஒத்துப்போகிறது). இரண்டு வரிகளில் உயிர்காலத் தேய்மானம். காரை படிவம், ஊட்டத்தூர்த் தொகுதி. கொளக்காநத்தம் அருகே புதுக் கிணற்று மண்மேடு, உச்சிக்குக் கீழே, சாம்பல் களியில். கிணற்றில் 31–44 அடி ஆழத்திலிருந்து. களி மாதிரி இரண்டு, தனிப் பையில்."

#23 பத்துமடங்கு_லென்ஸ்

"உயிர்காலத் தேய்மானம்" என்பதற்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போடுங்கள், அது என் கருத்துதான், நல்ல நுண்ணோக்கியில் பார்த்து முடிவு செய்யட்டும். எடுத்தவர் பெயரும் நாளும் விட்டுப்போயிருக்கின்றன. இங்கே எழுத வேண்டாம், சீட்டில் கட்டாயம் எழுதுங்கள். எடுத்தவர் அந்த மாணவி. அவள் வரைந்த படத்தையும் ஒரு நகல் சேர்த்து வையுங்கள்.

#24 மண்வாசகி

ஆழத்தை அடியில் எழுதியிருக்கிறீர்கள், பக்கத்திலேயே மீட்டரிலும் எழுதிவிடுங்கள் சார்: 9.4 முதல் 13.4 மீட்டர். இரண்டு களிப் பையிலும் எது துண்டில் ஒட்டியிருந்தது, எது மேட்டில் எடுத்தது என்று அழியாத மையில் இருக்கட்டும். மாறிப்போனால் துண்டின் வயதைக் களியை வைத்துச் சொல்ல முடியாது.

#25 நெறியாளர்

இழையின் தலைப்பில் "டைக்கோடஸ், பல்முடித் துண்டு" என்று சேர்க்கிறேன், தேடுபவர்களுக்கு உதவும். பூட்டவில்லை. களியின் முடிவு வந்ததும் ஆசிரியர் இங்கேயே போடுங்கள்.